ஒரே டோக்கனுக்குப் பல வரிகள்: எக்செல்லில் அத்தனையையும் எடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருப்பூரில் ஒரு தையல் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அவிநாசிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓவர்லாக் அக்கா ஒருவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “ஏனுங்கண்ணா, திங்கக்கெழம காசு மட்டுந்தானுங்க வந்திருக்குது, மத்த நாளுது எங்கீங்க?” என்றார்.

அதுவரை ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு வரிதான் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வாரம்தான் நாளுக்கு ஒரு வரி என்று மாற்றினோம். சம்பள ஷீட்டில் இருந்த விலுக்கப் ஃபார்முலாவை (பட்டியலில் தேடி, எதிரே இருக்கும் மதிப்பை எடுத்துத் தருவது) நான் மாற்றவில்லை. அது ஒவ்வொருவருக்கும் முதல் நாள் தொகையை மட்டும் எடுத்து வைத்துவிட்டது. கட்டத்தில் எண் இருந்தது, சிவப்புக் குறி எதுவும் இல்லை, நானும் கவர் போட்டுவிட்டேன். அன்று இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து எல்லாருக்கும் திருத்திக் கொடுத்தோம்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தை முழுசாகக் கற்றுக்கொண்டேன். டையிங் (சாயப்பட்டறை), லாரி ஆபீஸ், மஞ்சள் மண்டி என்று பல இடங்களில் கணக்கு எழுதுகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்து, அப்படியே ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஏ, பி, சி, டி, இ, எஃப் என்பவை ஷீட்டின் தலையில் இருக்கும் எழுத்துகள். வாய்ப்பேச்சில் காலம் என்கிறோமே, அதைப் பத்தி என்று எழுதுகிறேன்.

எல்லா எடுத்துக்காட்டுக்கும் ஒரே ஷீட்டை வைத்துக்கொள்வோம். ஏ பத்தியில் டோக்கன் எண் (ஆளுக்கு ஒன்றாக நாங்கள் கொடுக்கும் எண்), பியில் தேதி, சியில் வேலை (ஓவர்லாக், பேட்லாக் போன்ற தையல் வகை), டியில் பீஸ், இயில் தொகை. முதல் வரி தலைப்பு, இரண்டாம் வரியிலிருந்து 500 வரை பதிவுகள். தேட வேண்டிய டோக்கனை எச்1 கட்டத்தில் அடிக்கிறோம். டோக்கன் 27க்கு அந்த வாரம் ஐந்து வரிகள்: திங்கள் ஓவர்லாக் 420 பீஸ் 630 ரூபாய், செவ்வாய் ஓவர்லாக் 380 பீஸ் 570, புதன் பேட்லாக் 300 பீஸ் 600, வெள்ளி ஓவர்லாக் 460 பீஸ் 690, சனி ஓவர்லாக் 350 பீஸ் 525. மொத்தம் 3,015 ரூபாய்.

விலுக்கப் ஏன் முதல் வரியோடு நின்றுவிடுகிறது?

அதன் வேலையே அதுதான். மேலிருந்து கீழே போகும், கேட்டது கிடைத்த முதல் இடத்தில் நின்று, அந்த வரியிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். கீழே இன்னும் நாலு வரி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒரு பொருளுக்கு ஒரு விலை, ஒரு டோக்கனுக்கு ஒரு பெயர் என்று இருக்கும் பட்டியலுக்கு அது சரியான கருவி. தினப்பதிவுக்கு அது கருவியே இல்லை. டோக்கன் 27க்கு 3,015 வர வேண்டிய இடத்தில் 630 வரும்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. விலுக்கப்பின் கடைசியில் ஃபால்ஸ் அல்லது 0 என்று போடாமல் விட்டால், பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தோராயமாகத் தேடும். தேதிவாரியாக எழுதிய ஷீட்டில் அப்படித் தேடினால், வேறொருவருடைய தொகையையே எடுத்து வந்து வைத்துவிடலாம். அப்போதும் பிழைக்குறி வராது.

புதிதாக வந்த எக்ஸ்லுக்கப் இந்தத் தோராயச் சிக்கலைத் தீர்த்துவிட்டது, சொல்லாவிட்டாலும் சரியான பொருத்தத்தையே தேடும். ஆனால் அதுவும் ஒரே ஒரு வரியைத்தான் எடுக்கும். அதைப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மொத்தத் தொகை மட்டும் போதும். அதற்கும் எல்லா வரியையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

=சம்இஃப்ஸ்(இ2:இ500, ஏ2:ஏ500, எச்1)

கூட்ட வேண்டிய பத்தி முதலில், தேட வேண்டிய பத்தி அடுத்து, தேடும் டோக்கன் கடைசியில். 3,015 வந்துவிடும். எக்செல் 2007 முதல் எல்லாப் பதிப்பிலும் உண்டு. வரிவரியாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: தொகைப் பத்தியில் ஏதாவது எண் எழுத்தாகப் பதிந்திருந்தால் சம்இஃப்ஸ் அதைக் கூட்டாது, சொல்லவும் சொல்லாது.

சரி, வரிவரியாகவே வேண்டும். புது எக்செல்லில் எப்படி?

ஃபில்டர் என்ற ஃபங்ஷன் இதற்காகவே வந்தது. ஜே2 கட்டத்தில் மட்டும் இதை அடியுங்கள்:

=ஃபில்டர்(பி2:இ500, ஏ2:ஏ500=எச்1, "பதிவு இல்லை")

எந்தப் பகுதி வேண்டும், எந்த நிபந்தனை, ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்று மூன்றே பகுதிகள். எண்டர் தட்டினால் ஐந்து வரிகளும், தேதி முதல் தொகை வரை, ஜே2இலிருந்து தானாகக் கீழேயும் பக்கத்திலும் பரவி நிற்கும். ஃபார்முலாவைக் கீழே இழுக்க வேண்டாம். எச்1இல் டோக்கனை மாற்றினால் பட்டியலும் மாறும்.

தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 போல ஒரு எண் வந்து நின்றால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 45292 என்பது 2024 ஜனவரி 1. அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்துத் தேதி வடிவம் கொடுத்தால் சரியாகிவிடும். அதேபோல் மூலத்தில் காலியாக இருக்கும் கட்டம் இங்கே 0 என்று வரும். யாரும் பூஜ்யம் பீஸ் தைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல்லில் ஃபில்டர் இருக்கிறதா?

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் இருக்கிறது. எக்செல் 2021, 2024 இரண்டிலும் இருக்கிறது. எக்செல் 2019, 2016, 2013, 2010 ஆகியவற்றில் இல்லை. கூகுள் ஷீட்ஸில் உண்டு, ஆனால் அங்கே "பதிவு இல்லை" என்ற மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரேஆஃபீஸில் 24.8 பதிப்பிலிருந்து, அதாவது 2024 ஆகஸ்டிலிருந்து, உண்டு.

ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு ஃபில்டர் என்று ஆங்கிலத்தில் அடிக்க ஆரம்பியுங்கள். கீழே பெயர் எட்டிப் பார்த்தால் இருக்கிறது. உங்கள் எக்செல்லில் ஃபில்டர் இருந்து, ஆடிட்டர் ஆபீஸில் இல்லாவிட்டால், அவர்கள் அந்த ஃபைலைத் திறந்து திருத்தும்போது சிக்கல் வரும். வெளியே அனுப்பும் பிரதியில் மதிப்புகளை மட்டும் ஒட்டி அனுப்புங்கள்.

எங்களிடம் எக்செல் 2010தான். என்ன செய்வது?

கொங்கு நாட்டு கம்பெனிகளில் இன்னமும் அதிகம் ஓடுவது பழைய எக்செல்தான் என்பது என் அனுபவம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழிகள் மூன்று. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் வழியையே சொல்வேன், ஏனென்றால் நாம் லீவு போட்ட அன்று வேறொருவர் பார்த்தாலும் அது புரியும்.

முதல் வழி, துணைப் பத்தி. எஃப்2 கட்டத்தில் இதை அடித்து 500 வரை இழுங்கள்:

=ஏ2&"-"&கவுண்ட்இஃப்(ஏ$2:ஏ2, ஏ2)

அடைப்புக்குள் வரும் முதல் ஏ2வில் மட்டும் டாலர் குறி இருப்பதைக் கவனியுங்கள். கீழே இழுக்க இழுக்க, எண்ணும் பரப்பு நீண்டுகொண்டே போகும். அதனால் 27ஆம் டோக்கனின் முதல் வரியில் 27-1, அடுத்ததில் 27-2, கடைசியில் 27-5 என்று விழும். ஒரே மாதிரி இருந்த ஐந்து வரிக்கும் இப்போது ஐந்து தனி அடையாளம். இனி ஒவ்வொன்றையும் தனியாகத் தேடலாம். ஜே2இல்:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்(பி$2:பி$500, மேட்ச்($எச்$1&"-"&ரோஸ்(ஜே$2:ஜே2), $எஃப்$2:$எஃப்$500, 0)), "")

ரோஸ் என்ற பகுதி முதல் வரியில் 1, அடுத்ததில் 2 என்று தானாக எண்ணிக்கொடுக்கும். இதை எம்2 வரை பக்கத்தில் இழுத்து, அப்புறம் நாலு பத்தியையும் சேர்த்து பதினைந்து வரி கீழே இழுத்தால் தேதி, வேலை, பீஸ், தொகை நாலும் வந்துவிடும். துணைப் பத்தி கண்ணுக்கு உறுத்தினால் மறைத்து வைக்கலாம்.

இரண்டாம் வழி, துணைப் பத்தி இல்லாமல்:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்(பி$2:பி$500, ஸ்மால்(இஃப்($ஏ$2:$ஏ$500=$எச்$1, ரோ($ஏ$2:$ஏ$500)-ரோ($ஏ$2)+1), ரோஸ்(ஜே$2:ஜே2))), "")

உள்ளேயிருந்து வெளியே படியுங்கள். இஃப் ஒவ்வொரு வரியையும் பார்த்து, டோக்கன் பொருந்தினால் அது பட்டியலில் எத்தனையாவது இடம் என்ற எண்ணைக் குறித்துக்கொள்கிறது. 27ஆம் டோக்கன் ஷீட்டின் 3, 9, 14, 22, 27 ஆகிய வரிகளில் இருந்தால், 2, 8, 13, 21, 26 என்று குறித்திருக்கும். ஸ்மால் அந்த எண்களில் மிகச் சிறியதை முதல் கட்டத்துக்கும், அடுத்ததை இரண்டாம் கட்டத்துக்கும் கொடுக்கிறது. இண்டெக்ஸ் அந்த இடத்தில் இருப்பதை எடுத்து வருகிறது. அடித்து முடித்ததும் வெறும் எண்டர் தட்டக் கூடாது. கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எண்டர் தட்ட வேண்டும். ஃபார்முலாவின் இருபுறமும் நெளிவு அடைப்பு தானாக வரும். அதை நாமே கையால் அடித்தால் வேலை செய்யாது.

மூன்றாம் வழி, அந்த மூன்று விசை வித்தை வேண்டாம் என்பவர்களுக்கு. அக்ரிகேட் எக்செல் 2010இலேயே இருக்கிறது:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்(பி$2:பி$500, அக்ரிகேட்(15, 6, (ரோ($ஏ$2:$ஏ$500)-ரோ($ஏ$2)+1)/($ஏ$2:$ஏ$500=$எச்$1), ரோஸ்(ஜே$2:ஜே2))), "")

15 என்றால் சிறியதிலிருந்து வரிசையாக எடு, 6 என்றால் பிழைகளைக் கண்டுகொள்ளாதே. பொருந்தாத வரிகளில் பூஜ்யத்தால் வகுத்துப் பிழை வருகிறது, அவை கழிந்துபோகின்றன, பொருந்திய வரிகள் மட்டும் மிஞ்சுகின்றன.

இந்த மூன்று வழிக்கும் ஒரே ஆபத்து ஒன்று இருக்கிறது. பதினைந்து வரிக்கு இழுத்து வைத்திருக்கிறீர்கள், ஒருவருக்குப் பதினாறு பதிவு வந்துவிட்டது. பதினாறாவது எங்கேயும் தெரியாது. மறுபடியும் அதே சனிக்கிழமைதான். அதனால் பட்டியலுக்குத் தலைமாட்டில், எச்2 கட்டத்தில், இதைக் கட்டாயம் போட்டு வையுங்கள்:

=கவுண்ட்இஃப்(ஏ2:ஏ500, எச்1)

இது இத்தனை பதிவு இருக்கிறது என்று சொல்லும். கீழே வந்திருக்கும் வரிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் நான் அந்த ஆளின் கவரைத் தொடுவேன்.

ஃபில்டர் போட்டேன், #ஸ்பில்! என்று வருகிறது. வேறு டோக்கனுக்கு #கால்க்! வருகிறது.

முதலாவது, பரவ இடம் இல்லை என்பது. கீழேயோ பக்கத்திலோ ஏதோ ஒரு கட்டத்தில் எதுவோ இருக்கிறது. சில சமயம் வெறும் ஸ்பேஸ் மட்டும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பரப்பை முழுசாகத் தேர்ந்தெடுத்து டிலீட் தட்டுங்கள். இணைத்து வைத்த கட்டங்கள் வழியில் இருந்தாலும் இதுவே வரும். கண்ட்ரோலோடு டி (டேபிள் என்பதன் முதல் எழுத்து) தட்டி டேபிளாக மாற்றிய பகுதிக்குள் ஃபில்டர் பரவாது, டேபிளுக்கு வெளியே போடுங்கள். இரண்டாவது, ஒரு வரிகூடப் பொருந்தவில்லை, மூன்றாம் பகுதியையும் நீங்கள் எழுதவில்லை என்பது.

இன்ன டோக்கன், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று கேட்க முடியுமா?

முடியும். நிபந்தனைகளை அடைப்புக்குள் வைத்துப் பெருக்குங்கள்:

=ஃபில்டர்(பி2:இ500, (ஏ2:ஏ500=எச்1)*(பி2:பி500>=எச்3)*(பி2:பி500<=எச்4), "பதிவு இல்லை")

எச்3இல் தொடக்கத் தேதி, எச்4இல் முடிவுத் தேதி. பொருந்தினால் 1, பொருந்தாவிட்டால் 0. ஒன்று 0 ஆனாலும் பெருக்கல் 0 ஆகிவிடும். அதனால் எல்லாம் பொருந்திய வரி மட்டும் நிற்கும். ஓவர்லாக் அல்லது பேட்லாக், இரண்டில் எது இருந்தாலும் சரி என்றால் அந்த இரண்டு நிபந்தனைக்கும் நடுவில் கூட்டல் குறி. கூட்டலைச் சுற்றி இன்னொரு அடைப்பு போட மறக்காதீர்கள். பள்ளிக்கூடக் கணக்கு மாதிரியே இங்கும் பெருக்கல்தான் முதலில் நடக்கும்.

டையிங்குக்கு ஒரு டிசியில் (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) துணி போகிறது, நாலு டிசியில் திரும்பி வருகிறது. இதை எப்படிப் பிடிப்பது?

திருப்பூரில் இந்தக் கேள்வி இல்லாத கம்பெனியே இருக்காது. நூல் நிட்டிங்குக்குப் போகிறது, துணி டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் போகிறது, சில சமயம் பிரிண்டிங்குக்கும் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் போனது ஒரு சீட்டு, வந்தது பல சீட்டு. அனுப்பியவர் ஒருவர், வாங்கி எழுதியவர் இன்னொருவர். மாதக் கடைசியில் எத்தனை கிலோ வெளியே நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது.

ஷீட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு “போனது” என்று பெயர் வையுங்கள்: ஏயில் நம் டிசி எண், பியில் தேதி, சியில் டையிங் பெயர், டியில் கிலோ. இன்னொன்று “வந்தது”: ஏயில் நம்முடைய டிசி எண், பியில் வந்த தேதி, சியில் அவர்களுடைய டிசி எண், டியில் கிலோ. வரும் சரக்கை எழுதும்போது, எந்த டிசிக்கு எதிராக வந்தது என்ற நம் எண்ணை ஏயில் எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் எந்த ஃபார்முலாவாலும் பிறகு கண்டுபிடிக்க முடியாது. சரக்கு இறக்கும்போதே, லாரிக்காரர் கிளம்புவதற்குள் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

டிசி 118இல் 500 கிலோ போனது என்று வைத்துக்கொள்வோம். எச்1இல் 118 என்று அடித்து:

=ஃபில்டர்(வந்தது!பி2:டி2000, வந்தது!ஏ2:ஏ2000=எச்1, "இன்னும் வரவில்லை")

180, 165, 130 என்று மூன்று வரி வருகிறது. மொத்தம் 475 கிலோ. மீதி 25 கிலோ, நூற்றுக்கு ஐந்து. இது நீங்கள் ஒத்துக்கொண்ட ப்ராசஸ் லாஸுக்குள் (வேலையில் குறையும் எடை) இருக்கிறதா, இல்லை ஒரு ரோல் அங்கேயே நிற்கிறதா என்று கேட்க இப்போது உங்கள் கையில் தேதியும் சீட்டு எண்ணும் இருக்கின்றன. மொத்தத்தை மட்டும் வைத்துப் பேசினால் பேச்சு வாக்குவாதமாகப் போகும், மூன்று சீட்டையும் வரிசையாகக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். சம்இஃப்ஸ் போதும் என்று மேலே சொன்ன நானே, இந்த இடத்தில் வரிவரியாக எடுக்கச் சொல்வது அதனால்தான்.

ஷீட் பெயரைக் கையால் அடிக்காமல், அந்த ஷீட்டுக்குப் போய் மவுஸால் பரப்பைத் தேர்ந்தெடுங்கள். மேற்கோள் குறி தேவைப்பட்டால் எக்செல்லே போட்டுக்கொள்ளும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, வரி கட்டாமல் ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளியே வேலை செய்து வாங்க, அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாகிப் போயிருக்க வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்று ஆண்டு. ஆகவே “போனது” ஷீட்டின் இ பத்தியில், கணக்கு தீர்ந்த டிசிக்கு எதிரே “முடிந்தது” என்று எழுதிவிட்டு, 300 நாள் தாண்டியும் தீராதவற்றை இப்படி எடுக்கலாம்:

=ஃபில்டர்(போனது!ஏ2:டி2000, (போனது!ஏ2:ஏ2000<>"")*(போனது!இ2:இ2000<>"முடிந்தது")*(டுடே()-போனது!பி2:பி2000>300), "ஏதும் இல்லை")

முதல் நிபந்தனை காலி வரிகளை ஒதுக்குவதற்கு. அது இல்லாவிட்டால் 2000 வரை இருக்கும் வெற்று வரியெல்லாம் வந்து நிற்கும்.

எங்களுக்கு எல்லாப் பதிவும் வேண்டாம், கடைசிப் பதிவு போதும். சங்ககிரியில் லாரி ஆபீஸ், ஒவ்வொரு வண்டிக்கும் கடைசியாக டீசல் போட்டபோது என்ன கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஷீட்டில் ஏயில் வண்டி எண், சியில் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், தேடும் வண்டி எண் எச்1இல். எக்ஸ்லுக்கப் இருந்தால் கீழிருந்து மேலே தேடச் சொல்லலாம்:

=எக்ஸ்லுக்கப்(எச்1, ஏ2:ஏ900, சி2:சி900, "இல்லை", 0, -1)

கடைசி -1தான் கீழிருந்து தேடு என்பது. பழைய எக்செல்லில்:

=லுக்கப்(2, 1/(ஏ2:ஏ900=எச்1), சி2:சி900)

பொருந்திய வரிகளில் 1 நிற்கும், மற்றவற்றில் பிழை. 2ஐத் தேடினால் கிடைக்காது, எனவே கடைசி 1 இருக்கும் வரியில் போய் நின்றுவிடும். இரண்டுமே ஷீட்டில் கடைசியாக எழுதியதைத்தான் எடுக்கும். நேற்றைய பில்லை இன்று காலை எழுதிவிட்டு, முந்தா நாள் பில்லை மதியம் எழுதினால் முந்தா நாளுடையதுதான் வரும். முதலில் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

வண்டி எண்ணை ஒருவர் இடைவெளி விட்டும் இன்னொருவர் விடாமலும் எழுதுவார்கள். டிஎன் 52 என்பதும் டிஎன்52 என்பதும் நமக்கு ஒன்று, எக்செல்லுக்கு இரண்டு வண்டி.

ஐந்து வரியையும் ஒரே கட்டத்தில் போட்டு, அந்த ஆளுக்கே வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா?

இதை எல்லா யூனிட்டிலும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தைத்தவருக்குத் தன் கணக்கு சனிக்கிழமைக்கு முன்பே தெரிந்தால் வெள்ளிக்கிழமையே தப்பைச் சொல்லிவிடுவார்.

=டெக்ஸ்ட்ஜாயின்(சார்(10), ட்ரூ, ஃபில்டர்(டெக்ஸ்ட்(பி2:பி500, "டிடி-எம்எம்")&" "&சி2:சி500&" "&டி2:டி500&" பீஸ் ரூ."&இ2:இ500, ஏ2:ஏ500=எச்1, "பதிவு இல்லை"))

சார் என்பது கேரக்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நாலு எழுத்து, சார்(10) என்றால் அடுத்த வரிக்குப் போ. கட்டத்துக்கு ரேப் டெக்ஸ்ட் போட்டால்தான் வரி பிரிந்து தெரியும். அப்படியே நகல் எடுத்து அனுப்பலாம். எக்செல் 2019இல் டெக்ஸ்ட்ஜாயின் உண்டு, ஃபில்டர் இல்லை. அங்கே ஃபில்டர் இருக்கும் இடத்தில், பொருந்தினால் அந்த வாசகம், பொருந்தாவிட்டால் வெறுமை என்று இஃப் போட்டு, மூன்று விசையையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

பெயர் கண் முன்னால் இருக்கிறது, எக்செல் இல்லை என்கிறது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி எங்களுடையது.

மண்டிக்காரர்களுக்கு இது தினசரிப் பாடு என்று தெரியும். ஒரே விவசாயி விரலி ஒரு நாள், கிழங்கு ஒரு நாள் என்று கொண்டு வருவார். லாட்டுக்கு லாட் விலை வேறு. ஒவ்வொரு தடவையும் எழுதுபவர் வேறாக இருந்தால், பெயரும் ஒவ்வொரு விதமாக விழும்.

முதல் சந்தேகம் ஸ்பேஸ். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். =லென்(ஏ2) போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே பெயருக்கு இரண்டு வரியில் இரண்டு எண்ணிக்கை வந்தால் அதுதான். ட்ரிம் போட்டால் போய்விடும். வாட்ஸப்பிலிருந்தோ வெப்சைட்டிலிருந்தோ ஒட்டியதில் இன்னொரு வகை ஸ்பேஸ் வரும், ட்ரிம்முக்கு அடங்காது. அதற்கு:

=ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2, யூனிசார்(160), " "))

இரண்டாவது, எண் எழுத்தாகப் பதிவது. 27 என்ற எண்ணும், முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு எழுத்தாகப் பதிந்த 27உம் ஃபில்டருக்கு வேறு வேறு. ஆனால் கவுண்ட்இஃப் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். மேலே எச்2இல் எண்ணிக்கை போடச் சொன்னேனே, அதன் அருமை இங்கேதான் தெரியும். எச்2 ஐந்து என்கிறது, ஃபில்டர் மூன்று வரிதான் தருகிறது என்றால், மீதி இரண்டு வரியில் டோக்கன் எழுத்தாக இருக்கிறது என்று நேராக அங்கே போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது, எழுத்துரு. பழைய கம்ப்யூட்டரில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பெயர் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். இப்போது யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒருக்காலும் பொருந்தாது. அந்தக் கட்டத்தின் எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள், சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அதுதான் காரணம். பழைய பதிவு முழுவதையும் ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நாலாவதுதான் பெரியது, அதற்கு ஃபார்முலா கிடையாது. செல்லமுத்து என்றும் செல்லமுத்துக் கவுண்டர் என்றும் ஊர்ப் பெயர் சேர்த்தும் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அப்புறம் ஊருக்கு நாலு பொன்னுசாமி இருக்கும் நாடு இது. பெயரை வைத்துத் தேடினால் ஒருவருடைய லாட் இன்னொருவர் கணக்கில் போய் உட்காரும். ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், அந்த எண்ணை வைத்தே எழுதுங்கள், பெயரை எண்ணிலிருந்து விலுக்கப்பில் வரவழையுங்கள். விலுக்கப் சரியாக வேலை செய்யும் இடம் அதுதான், ஓர் எண்ணுக்கு ஒரு பெயர்.

எத்தனை வரி வரை தாங்கும்?

ஒரு ஷீட்டில் 10,48,576 வரி கொள்ளும். அதற்கு வெகு முன்பே துணைப் பத்தி திணறும். 20,000 வரியில் ஒவ்வொரு கவுண்ட்இஃப்பும் தனக்கு மேலே இருப்பதையெல்லாம் பார்த்தால், மொத்தம் சுமார் 20 கோடி ஒப்பீடு. வருடத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

எல்லாருக்கும் சம்பளம் போட்டாகிவிட்டது. யாரும் விட்டுப்போகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

“சம்பளம்” ஷீட்டில் (அதன் ஏ பத்தியில் டோக்கன் எண்) ஆள்வாரியாகப் போட்ட தொகைகளின் கூட்டலை ஒரு கட்டத்தில் எடுங்கள். பிறகு பதிவு ஷீட்டுக்குப் போய், அங்கே ஒரு காலிக் கட்டத்தில் தொகைப் பத்தி முழுவதையும் நேரடியாகக் கூட்டுங்கள்:

=சம்(இ2:இ500)

இரண்டும் பைசா பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுக் கூட்டல் அதிகமாக இருந்தால், யாருடைய வேலையோ பதிவில் இருக்கிறது, அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லை. அது யார் என்று பார்க்க, பதிவு ஷீட்டின் ஜி பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இப்படிப் போடுங்கள்:

=கவுண்ட்இஃப்(சம்பளம்!ஏ$2:ஏ$100, ஏ2)

0 என்று வரும் வரிதான் விட்டுப்போனவருடையது. எங்கள் யூனிட்டில் பெரும்பாலும் அது வாரத்தின் நடுவில், புதனோ வியாழனோ, புதிதாகச் சேர்ந்தவராக இருக்கும். டோக்கன் கொடுத்திருப்போம், சூப்பர்வைசர் பீஸ் எழுதியிருப்பார், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியிருக்காது. வந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும், யாரிடம் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்தக் கூட்டலை நான் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், சனிக்கிழமை கவர் எடுக்கும் முன் இன்னொரு தடவை.